கீபேடிலேயே சேனல் ஏற்றலாம்: ஹேண்டி வாங்கும் முன் ஒரு பார்வை

சில வருடங்களுக்கு முன் ஹாம் ரேடியோ (உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காகப் பேசும் வானொலி) நண்பர்கள் நாலைந்து பேர் மலையேறப் போயிருந்தோம். பாதி வழியில்தான் தெரிந்தது, நாங்கள் நம்பியிருந்த ரிப்பீட்டரின் (பேச்சை வாங்கித் திருப்பி ஒலிபரப்பும் நிலையம்) டோனை, அதாவது அதைத் திறக்கும் ஒலிக் குறியை, மாற்றிவிட்டார்கள் என்று. நான் என் ஹேண்டியில், அதாவது கையடக்க ரேடியோவில், சில பட்டன்களைத் தட்டினேன், வேலை முடிந்தது. கூட வந்த நண்பருடையது என்னுடையதைவிட உறுதியான ரேடியோ, ஒலியும் தெளிவு. ஆனால் டோனை மாற்ற அதற்குக் கேபிளும் மடிக்கணினியும் வேண்டும். இரண்டும் அவர் வீட்டில் இருந்தன. அன்று முழுக்க எல்லோரும் பேசுவதை அவர் கேட்டுக்கொண்டு மட்டும் நடந்தார்.

அப்போதிருந்து யார் ஹேண்டி வாங்க யோசனை கேட்டாலும் நான் முதலில் பேசுவது கீபேடைப் பற்றித்தான். அது ஏன் அவ்வளவு முக்கியம் என்று புரிய, ஒரு சேனல் என்பது உள்ளே என்னவாக இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையினர் தூக்கித் திரிந்த எஸ்சிஆர்-536 என்ற கை ரேடியோவில் அலைவரிசையை முடிவு செய்தது குவார்ட்ஸ் படிகம். வேறு அலைவரிசை வேண்டுமென்றால் படிகத்தையும் சுருளையும் மாற்றி, மறுபடி ட்யூன் செய்தாக வேண்டும். பின்னாளிலும் வெகுகாலம் ஒவ்வொரு சேனலுக்கும் தனிப் படிகம் என்ற நிலைதான்.

இன்றைய ஹேண்டியில் ஒரே படிகம் போதும். கச்சேரியில் தாளம் போடுபவரை நினைத்துக்கொள்ளுங்கள். படிகத்திலிருந்து நிதானமான ஒரு தாளம் வருகிறது: நொடிக்கு 5,000 தட்டு, அதாவது 5 கிலோஹெர்ட்ஸ். இன்னொரு பக்கம் ஓர் அலையாக்கி மிக வேகமாகத் துடிக்கிறது. அதன் துடிப்பை ஒரு மின்சுற்று எண்ணிக்கொண்டே வந்து, 29,140 துடிப்புக்கு ஒருமுறை ஒரு தட்டு தட்டுகிறது. இந்தத் தட்டும் படிகத்தின் தட்டும் சேர்ந்து விழுகின்றனவா என்று ஒப்பிடும் சுற்று ஒன்று உண்டு. முந்தினால் அலையாக்கியைப் பின்னுக்கு இழுக்கும், பிந்தினால் முன்னுக்குத் தள்ளும். இரண்டும் ஒன்றாக விழும்போது அலையாக்கி சரியாக 29,140 × 5 கிலோஹெர்ட்ஸ், அதாவது 145.700 மெகாஹெர்ட்ஸில் நிற்கும். இதைத்தான் பிஎல்எல் என்பார்கள். இன்றைய சிப்புகளில் பின்னக் கணக்கெல்லாம் வந்துவிட்டது, ஆனால் அடிப்படை இதுதான்.

ஆக, அலைவரிசை என்பது உள்ளே வெறும் ஓர் எண். எண்ணைத் தட்ட பத்து பட்டன் போதும்.

கீபேடில் புதிதாகத் தட்டுபவர்கள் தடுமாறும் ஒரு இடம் இங்கேதான் இருக்கிறது. 145.6125 என்று அடிப்பீர்கள், திரையில் வேறு ஏதோ ஒன்று வந்து நிற்கும். ரேடியோவில் கோளாறு இல்லை. அலைவரிசை நகரும் படியான ‘ஸ்டெப்’ 5 கிலோஹெர்ட்ஸில் இருந்திருக்கும். 145.6125-ஐ 5 கிலோஹெர்ட்ஸால் வகுத்தால் 29,122.5 வருகிறது, முழு எண் இல்லை. அதனால் ரேடியோ பக்கத்து எண்ணுக்கு நகர்ந்துவிடுகிறது. ஸ்டெப்பை 12.5-க்கு மாற்றுங்கள்: 11,649. மிச்சமில்லாமல் வகுபடும், அடித்த எண் அப்படியே நிற்கும்.

அடுத்தது ரிப்பீட்டர். இந்த அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் போகிறவை. தரையில் நின்று 1.5 மீட்டர் உயரத்தில் ஹேண்டியைப் பிடித்தால், எதிரே தடையே இல்லாவிட்டாலும் ரேடியோ அடிவானம் 5 கிலோமீட்டர்தான். சுற்றிலும் இருக்கும் சமவெளியிலிருந்து 1,000 மீட்டர் உயர்ந்த மலையில் ஆண்டெனாவை வைத்தால் அது 130 கிலோமீட்டராகிறது. மலை மேலிருக்கும் ரிப்பீட்டர் உங்கள் குரலை ஒரு அலைவரிசையில் வாங்கி, அதே நொடியில் இன்னொன்றில் திருப்பி ஒலிபரப்பும். 145 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய இந்த 2 மீட்டர் பட்டையில் இரண்டுக்கும் வழக்கமான இடைவெளி 600 கிலோஹெர்ட்ஸ். அதனால் 145.700-இல் கேட்கும் உங்கள் ஹேண்டி, பேசும் பட்டனை அழுத்தியதும் 145.100-க்குத் தாவ வேண்டும். உள்ளே 29,140 போய் 29,020 வருகிறது, அவ்வளவுதான்.

மூன்றாவது விஷயம் டோன். உங்கள் குரலுக்கு அடியில் 67 முதல் 254.1 ஹெர்ட்ஸுக்குள் ஒரு மெல்லிய முனகல் சேர்ந்து போகும். ஸ்பீக்கருக்குப் போகும் வழியிலேயே அதை வடிகட்டிவிடுவதால் யார் காதிலும் விழாது. சரியான டோன் வந்தால்தான் ரிப்பீட்டர் கதவைத் திறக்கும். இது ரகசியப் பேச்சுக்கான வசதி என்று சில விளம்பரங்கள் சொல்வது தவறு. டோனை அணைத்துவிட்டுக் கேட்கும் எவருக்கும் நீங்கள் பேசுவது கேட்கும்.

கேட்க ஓர் எண், பேச ஓர் எண், டோனுக்கு ஓர் எண். சேனல் என்பது இந்த மூன்றும்தான். பரவலாகக் கிடைக்கும் பாவ்ஃபெங் யுவி-5ஆரில் இவற்றை ஏற்றுவது இப்படி. டோன் 88.5 என்று வைத்துக்கொள்வோம். முதலில் விஎஃப்ஓ நிலைக்கு (அலைவரிசையை நேரடியாக அடிக்கும் நிலை) வந்து மேல் வரிசையைத் தேர்ந்தெடுத்து 145700 என்று அடியுங்கள். மெனு 13-இல் 88.5. பிறகு மெனு 27-இல் ஒரு காலி சேனல் எண்ணைக் கொடுத்துச் சேமியுங்கள். வெளியே வந்து 145100 அடித்து, மறுபடி மெனு 27, அதே சேனல் எண். முதல் முறை கேட்கும் அலைவரிசை பதிவானது, இரண்டாம் முறை பேசும் அலைவரிசை. ஒருமுறை செய்து பார்த்தால் மறக்காது. அந்த ரேடியோவில் சேனலுக்குப் பெயர் வைக்க மட்டும் கணினி வேண்டும். யேசு எஃப்டி-60ஆர் 1,000 நினைவிடங்கள் கொண்டது, பெயரையும் ரேடியோவிலேயே எழுதலாம். விலையும் அதற்கேற்ப அதிகம்.

சரி, எண்கள்தான் என்றால் எல்லா ரேடியோவிலும் இந்த வசதி ஏன் இல்லை? காவல்துறை, தொழிற்சாலை, பாதுகாப்பு நிறுவனம் போன்ற இடங்களில் பயன்படுத்துகிறவர் கைதவறி வேறொருவர் அலைவரிசைக்குப் போய்விடக் கூடாது. அமெரிக்காவில் தொலைத்தொடர்பை ஒழுங்குபடுத்தும் எஃப்சிசியின் விதிகளில் 90-ஆம் பகுதி இதை வெளிப்படையாகவே கட்டுப்படுத்துகிறது. அதனால் அந்த வகை ரேடியோக்கள் வேண்டுமென்றே பூட்டி வருகின்றன. சிலவற்றில் முழு கீபேடும் இருக்கும், ஆனால் அது டிடிஎம்எஃப் ஒலிகளை, அதாவது தொலைபேசி பட்டன் ஒலிகளை, அனுப்பத்தான்: 5-ஐ அழுத்தினால் 770, 1336 ஹெர்ட்ஸ் இரண்டும் சேர்ந்து போகும், அலைவரிசை மாறாது. கீபேட் இருக்கிறதே என்று பார்த்து ஏமாந்தவர்கள் நிறையப் பேர்.

உரிமத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இந்தியாவில் 2 மீட்டர் பட்டையில் ஹாம்களுக்கு உரியது 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை. யுவி-5ஆரோ 136 முதல் 174 வரை அனுப்பக்கூடியது. அந்த இடைவெளியில் மற்ற சேவைகளின் அலைவரிசைகள் இருக்கின்றன, ஒரு இலக்கம் தவறினாலும் இன்னொருவர் பேச்சில் போய் மோதுவோம். தொலைத்தொடர்புத் துறையின் தேர்வை எழுதி உரிமமும் அழைப்புக்குறியும் பெற்ற பிறகே பேசும் பட்டனைத் தொட வேண்டும். பன்னிரண்டு வயது நிரம்பியவர்கள் இந்தத் தேர்வை எழுதலாம், கடினமும் இல்லை.

அப்புறம், கடையில் கையில் வாங்கிப் பாருங்கள். பட்டன்கள் மேடாக, கட்டைவிரலுக்குத் தனித்தனியாகத் தட்டுப்பட வேண்டும். அழுத்தினால் வெளிச்சம் வர வேண்டும். மெனுவுக்கு எண் இருந்தால் நல்லது, பத்து தரம் கீழே உருட்டாமல் நேராகப் போகலாம். ஒரு சேனலை அங்கேயே ஏற்றச் சொல்லுங்கள், பேசும் பட்டனை மட்டும் அழுத்த வேண்டாம். பிறகு அணைத்து, பேட்டரியைக் கழற்றி மாட்டி, அந்தச் சேனலைத் திரும்ப எடுங்கள். அலைவரிசையோடு ஷிஃப்டும் (கேட்கும், பேசும் அலைவரிசைகளின் இடைவெளி) டோனும் அப்படியே வந்தால் அந்த ஹேண்டியை நம்பி எடுத்துக்கொள்ளலாம்.