மைக்குக்குக் கேட்கும் மலையகம்

இலங்கை மலையகத்தில் குறும்படம் எடுக்கும் பிள்ளைகளுக்குப் படம் பளிச்சென்று வந்துவிடுகிறது. போன் கேமராவே போதும். காலை வாருவது ஒலிதான். லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் அம்மாவும் மகளும் பேசும் காட்சியைப் போட்டுப் பார்த்தால் பேச்சு அமுங்கிக் கிடக்கும். பீலியில் (தண்ணீர்க் குழாயில்) கொட்டும் தண்ணீரும் பக்கத்து வீட்டு டீவியும் மேலே நிற்கும். எடுக்கும்போது இதெல்லாம் கேட்கவே இல்லையே என்பார்கள்.

கேட்டுத்தான் இருக்கும். ஓசை ஒரு காதுக்குச் சற்று முந்தியும் மறு காதுக்குச் சற்றுப் பிந்தியும் வந்து சேர்கிறது. செக்கனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத அந்த வித்தியாசத்திலிருந்து மூளை திசையைக் கணிக்கிறது. வேண்டிய குரலைப் பிடித்துக்கொண்டு மற்றதைப் பின்னுக்குத் தள்ளுகிறது. மைக்குக்கு அந்தப் பக்குவம் கிடையாது. அதிலும் போன், பேச்சு நின்ற இடைவெளியில் ஒலியளவைத் தானாகவே கூட்டிவிடும். பீலி இரைச்சல் குபீரென்று எழும்பும்.

மூளை செய்யும் இந்த வேலையைத்தான் சினிமாவில் ஒலிக்கலைஞர் செய்கிறார். முதல் வழி, மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோவது. திறந்த வெளியில் தூரம் பாதியானால் ஒலி 6 டெசிபெல் (ஒலியளவின் அலகு) ஏறும். 4 மீட்டரில் இருந்த மைக் அரை மீட்டருக்கு வந்தால் 18 டெசிபெல் ஆதாயம். பீலியோ இருந்தபடியே இருக்கும். என்னைக் கேட்டால், புதுக் கேமராவுக்குக் காசு சேர்ப்பதைவிட ஒரு காலர் மைக் வாங்குவது மேல். மலைக்காற்றின் உறுமல் மைக்கில் காற்று மோதிச் சுழல்வதால் அங்கேயே பிறப்பது. மயிர் உறை போட்டால் பெரும்பாலும் அடங்கும்.

கழித்த ஓசைகளைப் பிறகு வேண்டிய அளவில் சேர்க்க வேண்டும். மழையைப் பாருங்கள். எல்லா அதிர்வெண்களும் அதில் கலந்திருப்பதால், வெறுமனே பதிந்தால் எண்ணெயில் அப்பளம் பொரிவது போலிருக்கும். மழைக்கு முகம் தருவது அது விழும் பொருள். தகரக் கூரையில் ஒன்று, கொழுந்தெடுப்பவர் இடுப்பில் கட்டிய படங்கில் ஒன்று, வாளியில் சொட்டுவது ஒன்று என்று பக்கத்திலிருந்து தனித்தனியாகப் பதிந்து அடுக்கினால்தான் அது லயத்து மழை. காலடியும் இப்படித்தான். ஹாலிவூட்டில் பேசும் படங்களின் தொடக்க காலத்தில் ஜாக் ஃபோலி திரையைப் பார்த்தபடி நடந்து அதைப் பதிந்தார். இன்றும் அந்தக் கலைக்கு அவர் பெயர்தான்.

நேரத்தைப் பொருத்துவதில் மலைநாட்டுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்தை எதிர்மலையிலிருந்து எடுத்தால், தப்புப் பறையில் குச்சி விழுந்த பிறகுதான் அடி கேட்கும். 15 பாகைக் குளிரில் ஒலி செக்கனுக்குச் சுமார் 340 மீட்டர் ஓடுகிறது. 170 மீட்டர் தூரமென்றால் அரைச் செக்கன். செக்கனுக்கு 24 பிரேம் ஓடும் படத்தில் 12 பிரேம் பிந்திவிடும். ஓசை படத்தை 45 மில்லிசெக்கன் முந்தினாலே கண்டுபிடித்துவிடுகிறோம். பிந்தினால் சுமார் 125 வரை தெரிவதில்லை. இயற்கையில் ஓசை ஒளியை முந்துவதே இல்லையே! அந்த 125 மில்லிசெக்கனில் ஒலி கடப்பது 42 மீட்டர்தான். அதற்கு அப்பால் அடிக்கும் தப்பை எடிட்டர் பெரும்பாலும் முன்னே இழுத்துக் குச்சியோடு பொருத்திவிடுகிறார். எதிர்மலை என்பதும் தெரிய வேண்டுமானால், உயர் அதிர்வெண்களைக் குறைத்து, கொஞ்சம் எதிரொலி சேர்ப்பார். தொலைவில் காற்று முதலில் தின்றுவிடுவது அந்தக் கூர்மையைத்தான்.