கையெழுத்தைக் கடைசியில் பாருங்கள்

அமெரிக்காவில் வசிக்கும் வாசகர் ஒருவர் மூன்று படங்கள் அனுப்பியிருக்கிறார். பழைய சாமான் கடையில் வாங்கிய சின்னக் கருப்புப் பானை. முகம் பார்க்கலாம் போன்ற பளபளப்பு, கழுத்துக்குக் கீழே மங்கிய கருப்பில் ஒரு சித்திரம், அடியில் 'மரீ' என்று ஆங்கிலத்தில் ஒரு பெயர். "இது மரியா மார்டினெஸ் செய்ததுதானா?" என்று கேட்கிறார்.

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் புவெப்லோ எனப்படும் பூர்வகுடி மக்களின் ஊர்கள் 19 இருக்கின்றன. அதில் ஒன்றான சான் இல்டெஃபோன்சோவைச் சேர்ந்தவர் மரியா. 1980-இல் இறந்தார். அவர் வனைய, கணவர் ஜூலியான் சித்திரம் தீட்ட, கருப்பின் மேல் கருப்பு என்ற பாணி 1920-ஐ ஒட்டிப் பிறந்தது. இன்று அந்தப் பானைகளுக்கு நல்ல விலை. விலை இருந்தால் போலியும் இருக்கும்.

எல்லோரும் முதலில் பானையைக் கவிழ்த்துப் பெயரைத்தான் தேடுகிறார்கள். நான் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் பார்க்க வேண்டியது உள்பக்கம். புவெப்லோ குயவர்களுக்குச் சக்கரம் கிடையாது. மண்ணைக் கயிறாகத் திரித்து, சுற்றிச் சுற்றி அடுக்கி, வழித்து எழுப்புகிறார்கள். உள்ளே விரலை விட்டால் தடிமன் இடத்துக்கு இடம் லேசாக மாறும். ஒரே சீராகச் சுற்றும் வரிகள் தெரிந்தால் அது சக்கரத்தில் வனைந்தது. வெளியே உள்ள மேடு பள்ளம் அப்படியே உள்ளேயும் தெரிந்தால் அச்சில் மண்கூழை ஊற்றி எடுத்தது. இந்த இரண்டில் எதுவானாலும் பெயரைப் படிக்கும் வேலை மிச்சம்.

சரி, இப்போது எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். இந்தக் கருப்பு எங்கிருந்து வந்தது? கருப்புச் சாயம் எதுவும் பூசவில்லை. பானையின் மேல் பூசிய மண்குழம்பு செந்நிறம்தான். அதில் இரும்பு ஆக்சைடு இருக்கிறது. குழம்பு முழுக்கக் காய்வதற்குள் வழவழப்பான கூழாங்கல்லால் மணிக்கணக்கில் தேய்க்கிறார்கள். களிமண் துகள்கள் தட்டுத் தட்டான வடிவம் கொண்டவை. தேய்க்கத் தேய்க்க எல்லாம் ஒரே பக்கமாகப் படுத்துவிடும். படுத்த தட்டுகளில் ஒளி கண்ணாடியில் பட்டதுபோல் திரும்புகிறது. அதன்மேல் யூக்கா என்ற செடியின் நாரால் ஆன தூரிகையில் மீண்டும் குழம்பெடுத்துச் சித்திரம் போட்டு, அதைத் தேய்க்காமல் விட்டுவிடுகிறார்கள். அங்கே துகள்கள் தாறுமாறாகக் கிடக்கும், ஒளி சிதறும், மங்கலாகத் தெரியும்.

அப்புறம் நெருப்பு. திறந்த வெளியில், காற்றில்லாத காலையில், விறகும் மாட்டுச் சாண வறட்டியும் வைத்து எரிக்கிறார்கள். சுமார் 700 டிகிரி. தீ உச்சத்துக்கு வந்ததும் பொடித்த குதிரை லத்தியை மேலே கொட்டி மூடிவிடுகிறார்கள். உள்ளே ஆக்சிஜன் வற்றிவிடுகிறது. புகையில் மிஞ்சும் கார்பன் மோனாக்சைடு, தனக்கு வேண்டிய ஆக்சிஜனை இரும்பு ஆக்சைடிலிருந்தே பிடுங்கிக்கொள்கிறது. சிவப்பு ஹெமடைட் கருப்பு மேக்னடைட் ஆகிறது. கூடவே கரி நுண்துளைகளில் போய் உட்கார்ந்துகொள்கிறது. லத்தியைக் கொட்டாமல் விட்டிருந்தால் அதே பானை சிவப்பாக வெளியே வரும். கருப்பானதைக் காற்றோட்டத்தில் மறுபடி சூடாக்கினால் கரி எரிந்து, இரும்பு மறுபடி ஆக்சிஜனைப் பிடித்து, சிவந்துவிடும். ஆதிச்சநல்லூரின் கருப்பு-சிவப்புப் பானைகளுக்குப் பின்னாலும் இதே இரும்பு வேதியியல்தான்.

வெப்பத்தை இதற்குமேல் ஏற்றினால் படுத்திருந்த துகள்கள் சுருங்கி, பளபளப்பு போய்விடும். அதனால் இந்தப் பானை கொஞ்சம் குறைவாகவே வெந்தது. நம்மூரில் பானை வாங்கும்போது சுண்டிப் பார்ப்போம். கணீரென்றால் நல்ல பானை. இங்கே கணீரென்றால் சந்தேகப்படுங்கள், அது சூளையில் வெந்த கடைச்சரக்காக இருக்கலாம். ஆனால் இது கருப்புப் பானைக்கு மட்டும். அகோமா என்ற இன்னொரு புவெப்லோ ஊரின் மெல்லிய வெள்ளைப் பானைகள் அசலாக இருந்தாலே கணீரென்று ஒலிக்கும்.

எந்த ஊர் என்று சொல்ல இன்னொரு வழியும் உண்டு. காயும்போது வெடிக்காமலிருக்க மண்ணோடு ஒரு பொடியைச் சேர்ப்பார்கள். சான் இல்டெஃபோன்சோவில் எரிமலைச் சாம்பல், சியா ஊரில் பொடித்த பசால்ட் என்ற எரிமலைக் கல், அகோமாவில் இடித்த பழைய பானை ஓடு. தாவோஸ் ஊர் மண்ணிலேயே அப்ரகம் (மைக்கா) மினுங்கும். உடைந்த பானை ஓட்டுத் துண்டை 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்து நுண்ணோக்கியில் பார்க்கும் முறையை இந்தப் பானைகளுக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்கத் தொல்லியலாளர் அன்னா ஷெப்பர்ட். ஒவ்வொரு ஊரும் தனக்கு வேண்டியதைத் தானே வனைந்துகொண்டது என்ற நம்பிக்கையை அவர் 1936-இல் உடைத்தார். பெக்கோஸ் என்ற பழைய புவெப்லோ ஊரில் கிடைத்த ஓடுகளில் பல வேறு ஊர்களின் கல்லைச் சுமந்திருந்தன. ஒரு நுண்ணோக்கியும் நிறையப் பொறுமையும் போதுமாயிருந்த ஆராய்ச்சி அது. கோடிக்கணக்கில் கருவி வாங்கினால்தான் அறிவியல் என்று நினைக்கும் நிதிக் குழுக்களிடம் இந்தக் கதையைச் சொல்ல ஆசை.

இப்போது கையெழுத்து. மரியா ஆரம்பத்தில் பெயர் போடவேயில்லை. வாங்குகிறவர்கள் கேட்டதால் போட்டார். தனியாக 'மரீ' என்பது 1920-களின் முற்பகுதி. அப்புறம் 1943-இல் ஜூலியான் இறக்கும்வரை இருவர் பெயர். பிறகு மருமகள் சந்தானாவோடு. 1950-களின் நடுவிலிருந்து மகன் போப்போவி டாவோடு. ஆனால் பக்கத்து வீட்டார் கேட்டால் அவர்கள் பானையிலும் தன் பெயரை எழுதிக் கொடுத்தவர் அவர். ஊருக்கே பிழைப்பு நடக்கட்டுமே என்று. ஆக, அசல் கையெழுத்துகூட அவர் கைப்பானை என்பதற்குச் சாட்சியில்லை. அரிசோனாவின் ஹோப்பி பூர்வகுடி நாட்டின் புகழ்பெற்ற குயவர் நாம்பேயோவோ எழுதவே தெரியாதவர், கையெழுத்தே போட்டதில்லை. அங்கே தவளை வரைந்து அடையாளம் வைத்த தாயும் மகளும் உண்டு. தாய் பாக்குவாவின் தவளைக்குக் குட்டை விரல். மகள் ஜாய் நவாசியின் தவளைக்கு வாத்துக்காலைப்போல் சவ்வு!

எழுத்து எப்போது விழுந்தது என்பதை லென்ஸில் பார்க்கலாம். சுடுவதற்கு முன் கீறினால் மண் ஒதுங்கி, விளிம்பு மழுங்கியிருக்கும். சுட்ட பிறகு கீறினால் சிலேட்டைக் கீறியதுபோல் விளிம்பு பொரிந்திருக்கும். இன்றைய குயவர்கள் சிலர் சுட்ட பிறகும் கீறுகிறார்கள் என்பதால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு வேண்டாம். மரியாவின் எழுத்து பெரும்பாலும் கீறலே அல்ல. தேய்க்கும் கல்லின் முனையால் எழுதியது. அது பள்ளமாக இராது, பளபளப்பாகத்தான் தெரியும். செய்தவர் பெயரே இல்லாமல் 'அசல்' என்று மட்டும் சொல்லும் சான்றிதழ் வந்திருந்தால், அதைத் தாயத்து மாதிரி வைத்துக்கொள்ளலாம்.

வாசகரின் படத்தில் எழுத்து கீறலாகத்தான் தெரிகிறது. உள்பக்கப் படம் இல்லாமல் மேலே எதுவும் சொல்ல மாட்டேன். அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அதற்கு முன்னால் ஒரு வேலை. மூன்றாவது படத்தில் அந்தப் பானையில் தண்ணீர் ஊற்றி மணிபிளான்ட் வைத்திருக்கிறார். குறைவாக வெந்த மண்ணில் நீர் ஊறி, பளபளப்பு பொருக்காக உதிர்ந்துவிடும். செடியை ஒரு கண்ணாடி பாட்டிலுக்கு இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.