அரிமானம்

எவர்சில்வரைத் 'துருப்பிடிக்காத எஃகு' என்கிறோம். அப்படியென்றால் கடலோர வீட்டு எவர்சில்வர் கேட்டில், வெல்டிங் வைத்த இடத்தை ஒட்டி மட்டும் பழுப்பேறுவது ஏன்? 'துரு' என்ற சொல்லை வைத்துக்கொண்டு இதை முழுதாக விளக்க முடியாது. துரு இரும்புக்கு உரியது. செம்பில் ஏறுவது களிம்பு. உயிரைப் பற்றிய ஆணவ மலத்துக்குச் சைவ சித்தாந்தம் சொல்லும் உவமையே அதுதான். வெள்ளி கறுக்கும், அலுமினியம் வெண்மையாகப் பூக்கும். உலோகத்துக்கு ஒரு பேச்சு வைத்திருந்தோம். எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு சொல் தேவைப்பட்ட இடத்தில் 'கரோஷன்' வந்து உட்கார்ந்துகொண்டது.

கரோஷனின் வேர் 'ரோடெரே' என்ற லத்தீன் வினை. கொறித்தல் என்று பொருள். எலி, அணில் வகைகளைக் குறிக்கும் 'ரோடென்ட்' என்ற சொல்லும் அதே வேரில் பிறந்தது. தமிழில் இதற்கு இணையாக 'அரி' எப்போதோ இருக்கிறது: கரையான் கதவை அரிக்கிறது, ஆறு கரையை அரிக்கிறது. சரி, 'அரிப்பு' என்றே சொல்லிவிடலாமே? பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஆனால் மண்ணுக்கும் தோலுக்கும் அதே சொல் வந்து குழப்புகிறது. செரிமானம், தேய்மானம், பிடிமானம் போல 'அரிமானம்' என்றால் குழப்பமில்லை. பாடநூல்களிலும் உலோக அரிமானம் என்ற வழக்கு உண்டு. உராய்ந்து குறைவது தேய்மானம், சூழலோடு வேதிவினை நடந்து குறைவது அரிமானம் என்று இரண்டையும் பக்கத்தில் நிறுத்தினால் வேறுபாடு தானே விளங்கும். அதனால் என் வாக்கு இதற்கே.

கரையானைச் சும்மா சொல்லவில்லை. உலோகம் உறையும்போது ஒரே கட்டியாக உறைவதில்லை. எண்ணற்ற படிகமணிகளாக உறைந்து, ஒன்றோடொன்று நெருக்கி நிற்கும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகரத்தில் பூப்பூவாகத் தெரிகிறதே, அந்தத் துத்தநாகப் படிகங்களை வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம். மணிக்கும் மணிக்கும் இடையிலுள்ள எல்லையில் அணுக்களின் ஒழுங்கு குலைந்திருக்கும். அரிமானம் சில நேரம் அந்த வழியாகத்தான் நுழைகிறது.

எவர்சில்வரைக் காப்பது குரோமியம். குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருந்தால், சில நானோமீட்டர் தடிமனில் ஒரு ஆக்சைடு படலம் தானாகவே கட்டிக்கொள்ளும். கீறினாலும் காற்றுப் பட்டால் மறுபடி கட்டும். ஆனால் 304 என்ற எவர்சில்வர் ரகம் ஏறக்குறைய 450 முதல் 850 டிகிரி செல்சியஸ் வரையிலான சூட்டில் சிறிது நேரம் நின்றுவிட்டால், உள்ளிருக்கும் கார்பன் மணி எல்லைக்கு வந்து குரோமியத்தைப் பிடித்துக் கார்பைடாகிவிடுகிறது. எல்லையை ஒட்டிய மெல்லிய பட்டையில் குரோமியம் வறண்டுபோகிறது. அப்புறம் அரிமானம் அந்தப் பட்டை வழியே உள்ளே இறங்கும். மேலே பளபளப்பு இருக்கும். உள்ளே மணிகளின் பிடிப்பு போயிருக்கும். கரையான் அரித்த கதவேதான். இதற்கு 'மணியிடை அரிமானம்' என்ற பெயர் பொருந்தும். கார்பனை 0.03 சதவீதத்துக்குள் வைத்த 304எல் ரகம் இதைத் தவிர்க்கத்தான். 321 ரகத்தில் டைட்டானியம் சேர்ப்பதும் அதற்கே. குரோமியத்துக்கு முன்னால் கார்பனை அது பிடித்துக்கொள்ளும்.

மணி சிறிதானால் நல்லதா? ஒரே விடை கிடையாது. படலம் கட்டும் சூழலில் சிறு மணிகள் உதவலாம். படலம் நிற்காத சூழலில், எல்லைகள் கூடியதே கேடாகலாம்.

கடலோர வீட்டின் எவர்சில்வர் கேட்டுக்கு வருவோம். மெல்லிய குழாயில் கார்பைடு உருவாகப் பெரும்பாலும் நேரம் போதாது. அங்கே குற்றவாளி மேற்பரப்பு. வெல்டிங் சூட்டில் நீலமும் பழுப்புமாக ஏறும் நிறத்துக்கு அடியில் குரோமியம் குறைந்திருக்கும். இரும்பை அறுத்த அதே சக்கரத்தால் எவர்சில்வரைத் தேய்த்தால் இரும்புத்தூள் அதில் பதிந்து துருவேறும். பட்டறையில் 'பிக்லிங்' என்று சொல்லும் அமிலக் கழுவல் அந்த நிறத்தையும் கெட்ட அடுக்கையும் நீக்கிவிடும். அடுத்து 'பேசிவேஷன்': நைட்ரிக் அல்லது சிட்ரிக் அமிலத்தால் ஒட்டிய இரும்பைக் கரைத்து, படலம் நன்றாகக் கட்ட வழிசெய்வது. அடர் நைட்ரிக் அமிலத்தில் தோய்த்த இரும்பு மேற்கொண்டு கரையாமல் நிற்பதை 1836-இல் ஆராய்ந்த வேதியியலாளர் ஷோன்பைன் அதைச் செயலற்ற நிலை என்று குறித்தார். பேசிவேஷன் என்ற சொல் அந்த வழியில் வந்தது. நம் பட்டறைக்கு 'படலங்கட்டல்' என்றால் போதும். என்ன நடக்கிறது என்பது அந்தப் பெயரிலேயே இருக்கிறது.