ரத்த வகையைப் பார்த்து வைரஸ் வருமா?

"எனக்கு ஓ பாசிட்டிவ், எதுவும் ஒட்டாது" என்று அசட்டையாக இருப்பவர்கள் உண்டு. 'ஏ' வகை என்று தெரிந்ததும் தூக்கம் தொலைப்பவர்களும் உண்டு. இரண்டுமே வேண்டாம்.

2020-இல் இத்தாலி, ஸ்பெயின் கோவிட் நோயாளிகளிடம் நடந்த மரபணு ஆய்வில், மூச்சு செயலிழக்கும் அபாயம் 'ஏ' வகையினருக்குக் கூடுதலாகவும் 'ஓ' வகையினருக்குக் குறைவாகவும் தெரிந்தது. ஆனால் முதுமையால் கூடும் அபாயத்தின் முன் இது சிறியது.

ரத்த வகையின் பங்கு பளிச்சென்று தெரிவது, திடீர் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தரும் நோரோ வைரஸில்தான். குடல் சுவரில் இருக்கும் சர்க்கரைச் சங்கிலிகளைப் பற்றிக்கொண்டே அது தொற்றுகிறது. ரத்த வகையைத் தீர்மானிக்கும் சர்க்கரைகளும் இதே குடும்பம். குடலிலும் உமிழ்நீரிலும் இவை உருவாக எஃப்யூடி2 மரபணு வேலை செய்ய வேண்டும். தாய், தந்தை இருவரிடமிருந்தும் அது செயலிழந்த வடிவில் வந்திருந்தால், அதிகம் பரவும் ஜிஐஐ.4 என்ற நோரோ வைரஸ் வகை பெரும்பாலும் தொற்றாது. வேறு சில வகைகள் இவர்களையும் விடாது.

இந்த விவரம் ரத்த வகை அட்டையில் இருக்காது. இருவருக்கும் ஓ பாசிட்டிவ்தான் என்றாலும் ஒருவர் குடலில் அந்தச் சர்க்கரை இருக்கலாம், இன்னொருவர் குடலில் இல்லாமலும் போகலாம்.

இனத்தை வைத்து ஒருவரின் அபாயத்தை ஊகிப்பதும் இப்படித்தான். ஐரோப்பிய வம்சாவளியினரில் ஏறத்தாழ 5-இல் ஒருவருக்கு எஃப்யூடி2 செயலிழந்திருக்கிறது. கிழக்காசியரிடம் காணப்படும் வேறொரு மாற்றம் அதை முழுக்க நிறுத்தாமல் வலுவிழக்க மட்டும் செய்கிறது. கோவிட் தீவிரத்தைக் கூட்டும், நியாண்டர்தால் என்ற பண்டைய மனித இனத்தின் வழி வந்த 3-ஆம் குரோமோசோம் பகுதி தெற்காசியரில் சுமார் பாதிப் பேரிடமும், ஐரோப்பியரில் சுமார் 16 சதவீதத்தினரிடமும் உண்டு. இவையெல்லாம் கூட்டத்தின் கணக்கு. அண்ணனிடம் இருப்பது தம்பியிடம் இல்லாமல் போகலாம்.

வீட்டில் யாருக்காவது நோரோ வந்தால், ரத்த வகை எதுவானாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான். சானிடைசரின் ஆல்கஹால் எளிதில் சிதைக்கும் கொழுப்புறை இந்த வைரஸுக்கு இல்லாததால் சானிடைசரை மட்டும் நம்பாதீர்கள். சோப்புப் போட்டு 20 விநாடி தேய்த்துக் கழுவுங்கள். வாந்தியைக் கையுறை அணிந்து காகிதத்தால் முழுக்க வழித்தெடுத்த பிறகே பிளீச் ஊற்றுங்கள். அழுக்கு மிச்சமிருந்தால் அதுவே குளோரினைத் தின்றுவிடும். 5 சதவீத திரவ பிளீச் 100 மி.லி. எடுத்து, தண்ணீர் சேர்த்து ஒரு லிட்டராக்கி, அந்த இடத்தில் ஊற்றி 10 நிமிடம் ஊறவிடுங்கள். பிளீச்சைக் கழிப்பறை ஆசிடோடு கலக்கவே கூடாது, நச்சு வாயு வரும். நோயாளி குணமானாலும் 48 மணி நேரம் மற்றவர்களுக்குச் சமைக்க வேண்டாம்.