காப்ஸ் ஆள்சேர்ப்பு மானியம்: நகரம் தன் கையிலிருந்து எவ்வளவு போட வேண்டும்?

அமெரிக்காவில் தெரு ரோந்தைக் கூட்ட நினைக்கும் நகரங்கள் பெரும்பாலும் நாடுவது காப்ஸ் ஆள்சேர்ப்பு மானியத்தை. 1994-ஆம் ஆண்டின் வன்முறைக் குற்றக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் தொடங்கிய இதை ஃபெடரல் அரசின் நீதி அமைச்சகத்தில் சமூகக் காவல் பணிக்கென்று இருக்கும் காப்ஸ் (COPS) அலுவலகம் நடத்துகிறது. குடியிருப்போர் சங்கம் விண்ணப்பிக்க முடியாது. காவல்துறைதான் கேட்க வேண்டும்.

இது ஆளுக்கான பணம். கூடுதலாக எடுக்கும் முழுநேரக் காவலரின் தொடக்கநிலைச் சம்பளம், காப்பீடு, ஓய்வூதியம் எல்லாம் சேர்ந்த செலவில் 75 சதவீதம் வரை மூன்று ஆண்டுகளுக்குக் கிடைக்கும். ஒரு பணியிடத்துக்கு உச்சவரம்பு 1,25,000 டாலர். ஓவர்டைம், ரோந்து வண்டி, சீருடை, துப்பாக்கி எதற்கும் இதில் காசு இல்லை.

நகரங்கள் தடுக்கி விழுவது இந்த உச்சவரம்பில்தான். ஒரு காவலருக்கு ஆண்டுச் செலவு 80,000 டாலர் என்று வையுங்கள். மூன்று ஆண்டுக்கு 2,40,000. அதில் 75 சதவீதம் 1,80,000 ஆகிறது. ஆனால் வருவது 1,25,000தான். மீதி 1,15,000 நகரத்தின் தலையில். மானியம் முடிந்த பிறகும் அந்தப் பணியிடத்தைக் குறைந்தது 12 மாதம் சொந்தப் பணத்தில் வைத்திருக்க வேண்டும், இன்னொரு 80,000. ஆக நகரம் போடுவது 1,95,000 டாலர். நான்காம் ஆண்டுக்கு நிதி எங்கே என்று நகர மன்றத்தில் இப்போதே கேளுங்கள். விண்ணப்பிக்கும் முன் கேட்டால்தான் பயன்.

அடுத்தது, இருக்கிற செலவை மானியத்தின் மேல் தள்ளக் கூடாது. பணம் வருகிறதே என்று காவல் பட்ஜெட்டைக் குறைத்தாலோ, மானியம் கிடைக்கும் முன்பே வேலைக்கு எடுத்தவரை இதில் காட்டினாலோ விதிமீறல். பணத்தைத் திருப்பித் தர நேரிடலாம். நிதி நெருக்கடியால் ஆட்குறைப்பு செய்யப்பட்டவரைத் திரும்ப எடுக்கலாம், ஆனால் ஆட்குறைப்பின் தேதிக்கும் காரணத்துக்கும் ஆவணம் வேண்டும்.

புதியவர் பயிற்சி முடித்துத் தெருவுக்கு வரப் பல மாதம் ஆகும். அவர் சேர்ந்ததும் அனுபவமுள்ள ஒருவரைக் குடியிருப்புப் பகுதிப் பணிக்கு மாற்ற விதி இடம் தருகிறது. மக்களுக்கு ஏற்கெனவே முகம் தெரிந்த காவலர் வருவதே மேல் என்போம்.

விண்ணப்பம் இரண்டு கட்டம்: முதலில் ஃபெடரல் மானியங்களுக்கான கிராண்ட்ஸ்.கவ் தளத்தில் எஸ்எஃப்-424 என்ற பொது விண்ணப்பப் படிவம், பிறகு நீதி அமைச்சகத்தின் ஜஸ்ட்கிராண்ட்ஸ் தளத்தில் முழு விண்ணப்பம். இரண்டுக்கும் கடைசித் தேதி வேறு வேறு. ஃபெடரல் பணம் பெற விரும்பும் அமைப்புகள் பதிந்திருக்க வேண்டிய சாம்.கவ் தளத்தின் பதிவு ஆண்டுதோறும் காலாவதியாகும். மானிய அறிவிப்பு வரும்வரை காத்திராமல் முன்கூட்டியே புதுப்பித்து வையுங்கள்.