வெறுங்கையால் பின்னிய வலை: ஜன்னி வந்தால் மூளையில் என்ன நடக்கிறது?

பெரியப்பாவின் வலது கை பெட்ஷீட்டின் ஓரத்தைப் பிடித்தது. கட்டைவிரலால் ஒரு சுற்று சுற்றி, முடிச்சை இறுக்குவதுபோல் வெடுக்கென்று இழுத்தது. அப்புறம் அரை அங்குலம் நகர்ந்து மறுபடியும் அதே வேலை. பாம்பன் கரையில் ஐம்பது வருஷம் வலை பின்னிய கை அது. ஊசியும் இல்லை, நூலும் இல்லை. ஆனாலும் கண்ணிக்குக் கண்ணி அளவு மாறவில்லை.

முந்தா நாள் சாயங்காலம் வரை நன்றாக இருந்தவர். இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு, கொஞ்சம் சோர்வு, அவ்வளவுதான். ராத்திரி பத்து மணிக்கு மேல் சொந்த மகனைப் பார்த்து யாரென்று கேட்டார். "கச்சான் எழும்பிருச்சு, வல்லத்த ஏத்துங்கடா" என்று, காற்றுக்குப் படகைக் கரையேற்றச் சொல்லி, வாசலுக்கு ஓடினார். விடிவதற்குள் வீடு இரண்டு கட்சியாகிவிட்டது. காத்து கருப்பு பட்டிருக்கிறது, ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப் போகலாம் என்றது ஒன்று. புத்தி பேதலித்துவிட்டது, மனநல டாக்டரிடம் காட்டணும் என்றது இன்னொன்று. இரண்டு கட்சியும் மனசைப் பார்த்தது. கெட்டிருந்ததோ ரத்தத்தில் இருந்த உப்பு. சோடியம் 135-லிருந்து 145 வரை இருக்க வேண்டிய இடத்தில் அவருக்கு 116.

இதற்கு நம் ஆட்களிடம் பழைய பெயர் உண்டு: ஜன்னி. "காய்ச்சல் முத்தி ஜன்னி கண்டிருச்சு" என்பார்கள். சித்த மருத்துவம் சன்னியில் 13 வகை சொல்கிறது. அதைப் பைத்தியம் என்று யாரும் சொன்னதில்லை. உடம்பு கெட்டதால் புத்தி தடுமாறுவது ஒன்று, உடம்பு சரியாக இருக்கும்போதே எண்ணம் தடம் மாறுவது வேறொன்று என்கிற பிரிவு நம் பேச்சிலேயே இருந்தது. டாக்டர்கள் முதலாவதை டெலிரியம் என்றும், இரண்டாவதை சைக்கோசிஸ் என்றும் சொல்கிறார்கள். மனச்சிதைவு நோயில் வருவது இந்த இரண்டாவது. டெலிரியத்துக்கு நான் ஜன்னி என்றே எழுதுகிறேன்.

இரண்டையும் பிரிக்க ஸ்கேன் வருவதற்கு முன்பே ஒரு கேள்வி உதவும்: எப்போதிலிருந்து? ஜன்னி மணிக்கணக்கில், மிஞ்சினால் ஓரிரு நாளில் வந்து நிற்கும். சைக்கோசிஸ் பெரும்பாலும் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஊறும். இருபது வயதுப் பையன் கூட்டாளிகளை விட்டு ஒதுங்குவான், படிப்பு சரியும், தூக்கம் கெடும், அப்புறம்தான் "எல்லாரும் என்னையே பேசுறாங்க" என்பான். அறுபது வயது வரை ஒரு குறையும் இல்லாதவர் ஒரே ராத்திரியில் மாறிவிட்டார் என்றால் உடம்பைத் தேடுங்கள்.

அடுத்தது கவனம். ஜன்னியில் முதலில் நழுவுவது இதுதான். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து மாதங்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்லலாம். ஸ்காட்லாந்திலிருந்து உலகமெங்கும் போன 4ஏடி என்ற சின்னச் சோதனையிலும் இது உண்டு. அங்கே டிசம்பரில் தொடங்குவார்கள், ஏழு மாதம் தப்பில்லாமல் சொன்னால் சரி. நம் ஊர்ப் பெரியவரிடம் பங்குனியில் தொடங்கலாம். பெரியப்பா "பங்குனி, மாசி" என்றார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். "மாசில மீன்பாடு நல்லாருக்கும்" என்றார். தை வரவே இல்லை. மனச்சிதைவு உள்ளவர் தன் காதில் குரல் கேட்கிறது என்று அடித்துச் சொல்வார். ஆனால் இன்றைக்கு என்ன கிழமை, எதிரில் நிற்பது யார் என்று கேட்டால் பெரும்பாலும் சரியாகவே சொல்லிவிடுவார்.

இன்னொரு அடையாளம் ஏற்ற இறக்கம். காலையில் டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது பெரியவர் வணக்கம் சொல்லி, சாப்பிட்டேன் என்பார். டாக்டர் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார். விளக்கு வைத்ததும் பழையபடி தொடங்கும். அதனால் ராத்திரி கூட இருந்தவர் கண்ணால் பார்த்ததைச் சொல்லியே ஆக வேண்டும். குரல் கேட்பதைவிட உருவம் தெரிவது ஜன்னியில் அதிகம். குளுக்கோஸ் ஸ்டாண்ட் ஆளாகத் தெரியும், சுவரில் எறும்பு ஊரும்.

சரி, உள்ளே என்னதான் நடக்கிறது? உடல் எடையில் மூளை சுமார் 2 சதவீதம். ஆனால் உடம்பு செலவழிக்கும் சக்தியில் 20 சதவீதத்தை அது தின்கிறது. சேமிப்பு என்று பெரிதாக எதுவும் வைத்துக்கொள்வதில்லை. ஆக்சிஜன், சர்க்கரை, உப்பு எது குறைந்தாலும் தள்ளாடிவிடும். எங்கள் தெருவில் சாயங்காலம் வோல்டேஜ் இறங்கினால் பல்பு அணையாது, மங்கி மினுக்கும், ஃபேன் சோம்பலாகச் சுற்றும். ஜன்னி கண்ட மூளையும் அப்படித்தான், மொத்தமாக மங்குகிறது. 1940களில் ஜார்ஜ் எங்கெல், ஜான் ரோமானோ என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் இதை மூளையின் மின் அலைப் பதிவிலேயே காட்டினார்கள். குழப்பம் கூடக்கூட அலைகள் மெதுவாகின. உடம்பு தேறத் தேற அலையும் பழைய வேகத்துக்குத் திரும்பியது.

கவனத்தைப் பிடித்து நிறுத்தும் வேதிப்பொருள்களில் முக்கியமானது அசிட்டைல்கோலின். வயதாக ஆக அதன் கையிருப்பு குறைகிறது. சில சளி மாத்திரை, வயிற்றுவலி மருந்து, கை நடுக்கத்துக்கான மாத்திரை எல்லாம் அதைத் தடுப்பவை. இளைஞனுக்கு வாய் உலரும், அவ்வளவுதான். எண்பது வயதுக்காரருக்கு அதுவே ஜன்னிக்குப் போதும். கிருமித் தொற்றில் ரத்தத்தில் சுரக்கும் அழற்சிப் பொருள்களும் மூளையைக் கலக்கும். முதியவர்களுக்குச் சிறுநீர்த் தொற்றோ நிமோனியாவோ காய்ச்சலே இல்லாமல் வெறும் குழப்பமாக வரலாம். மலச்சிக்கல், சிறுநீர் அடைத்துக்கொள்வது, இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன், எதுவும் காரணமாகலாம். சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தவருக்குச் சர்க்கரை இறங்கியிருக்கலாம். அதனால் ஊசிக்கு முன்னால் விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்ப்பது முதல் வேலை.

பெரியப்பாவின் கதை மாத்திரைப் பையைக் கொட்டியதும் தெரிந்தது. பிரஷருக்கு இரண்டு டாக்டர்கள் தனித்தனியாக எழுதியதில் ஒரே நீர் மாத்திரை இரண்டு பெயரில் இருந்தது. பிரஷர்காரர் உப்பைக் குறைக்கணும் என்று பெரியம்மா கஞ்சியில் உப்பே போடவில்லை. அதன்மேல் வயிற்றுப்போக்கு, பச்சைத் தண்ணீர். ரத்தத்தில் சோடியம் இறங்கினால் தண்ணீர் மூளை செல்களுக்குள் புகுந்து அவற்றை வீங்க வைக்கும். "உடனே ஏத்துங்க" என்று மகன் சத்தம் போட்டான். அவசரமாக ஏற்றக்கூடாது. வலிப்பு, மயக்கம் என்றால் முதலில் கொஞ்சம் வேகமாக ஏற்றுவார்கள், அப்போதும் ஒரு நாளைக்கு எட்டு, பத்து புள்ளிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வார்கள். வேகம் மிஞ்சினால் மூளைத்தண்டின் நரம்பு உறையே கெட்டுவிடும்.

சத்தம் போடும் ஜன்னியைவிட எனக்குப் பயம் சத்தம் போடாத ஜன்னிமேல்தான். பெரியவர் சமத்தாகப் படுத்திருக்கிறார், தொந்தரவே இல்லை என்று வார்டே பாராட்டும். சாப்பாட்டுத் தட்டு அப்படியே இருக்கும். கூப்பிட்டால் கண் திறந்து மூடுவார். மனச்சோர்வு, வயசு, அசதி என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். பெரும்பாலும் தவறவிடப்படுவது இந்த வகைதான்.

சைக்கோசிஸில் வோல்டேஜ் இறங்குவதில்லை. தனுஷ்கோடியில் நின்றால் நம் போனில் திடீரென்று இலங்கை நெட்வொர்க் வந்து நிற்குமே, கிட்டத்தட்ட அப்படி: கருவிக்குக் கரண்ட் உண்டு, பிடிக்கும் அலைதான் வேறு. எது முக்கியம் என்று மூளைக்கு அடையாளம் போட்டுக் காட்டும் வேலையில் டோபமைன் என்ற வேதிப்பொருளுக்குப் பங்கு உண்டு. அது தாறுமாறாகச் சுரந்தால் பக்கத்து வீட்டு இருமல்கூடத் தனக்கு அனுப்பிய சேதி ஆகிவிடும். 1952-ல் பாரிசில் குளோர்புரோமசின் பயன்படத் தொடங்கியதிலிருந்து இதற்கு மருந்து இருக்கிறது. எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. பிள்ளை பெற்ற இரண்டு வாரத்துக்குள் ஒரு பெண்ணுக்கு இப்படி வந்தால் மட்டும் நாள் பார்க்கவே கூடாது, தாய்க்கும் பிள்ளைக்கும் அது அவசரம். ஏற்கெனவே மனநோய் மாத்திரை சாப்பிடுகிறவர் காய்ச்சலோடு உடல் விறைத்துக் குழம்பினால் பழைய நோய்தான் என்று விட்டுவிடுவதும் ஆபத்து. அந்த மருந்தின் அரிய பக்கவிளைவாகவே இருக்கலாம்.

ஏர்வாடியைச் சொல்லாமல் இந்தக் கரையில் இதைப் பேச முடியாது. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை அங்கே ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டிக்கிடந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் செத்தார்கள். மனநோயாளியைச் சங்கிலியிடுவதை 2017 மனநலச் சட்டம் தடைசெய்கிறது. இப்போது தர்காவுக்கு வருகிறவர்களுக்கு துஆவோடு அரசு மனநல மருத்துவமும் கிடைக்கிறது. அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் ஜன்னி கண்டவருக்கு நாற்பது நாள் தங்கல் என்பது கிடையாது, அவருக்கு மணிக்கணக்குதான். முதலில் 108.

கட்டிலில் கட்டுவதும் சங்கிலியின் தம்பிதான். அது ஜன்னியைக் கூட்டும். கூட்டாதது என்ன என்றால் கேட்கவே சாதாரணமாக இருக்கும்: கண்ணாடியை மாட்டிவிடுவது, காதுமெஷினைப் போட்டுவிடுவது, தண்ணீர் கொடுப்பது, பகலில் ஜன்னலைத் திறந்து எழுப்பி நடக்கவைப்பது, ராத்திரி விளக்கைக் குறைத்துத் தூங்கவிடுவது, பழகிய முகம் ஒன்று பக்கத்தில் இருப்பது. ஷாரன் இனோயி என்ற அமெரிக்க மருத்துவர் 1999-ல் இதை 70 வயது தாண்டிய 852 பேரிடம் சோதித்தார். வழக்கமான கவனிப்பில் 15 சதவீதம் பேருக்கு ஜன்னி வந்தது, இப்படிக் கவனித்தவர்களில் 9.9. மாத்திரைகளுக்கு அந்தப் பெருமை இல்லை. 2018-ல் தீவிர சிகிச்சைப் பிரிவு நோயாளிகளிடம் நடந்த ஆய்வில் ஹாலோபெரிடால் என்ற மனநோய் மருந்து ஜன்னியின் நாட்களைக் குறைக்கவில்லை. தூக்க மாத்திரை பல நேரம் மோசமாக்கும். தினமும் குடித்துவிட்டுத் திடீரென நிறுத்தியவர் மட்டும் விதிவிலக்கு. கால் முறிந்து படுத்தவருக்கு இரண்டாம், மூன்றாம் நாள் கை நடுங்கி, வேர்த்து, பூச்சி தெரிந்தால் அந்தத் தூக்க மாத்திரை வகை மருந்தும் தயமின் என்ற பி1 வைட்டமின் ஊசியும்தான் உயிரைக் காக்கும்.

பெரியப்பாவையும் முதல் ராத்திரி அந்த ஆஸ்பத்திரியில் துணியால் கட்டிலோடு கட்டித்தான் வைத்தார்கள். டிரிப்பைப் பிடுங்கினார் என்று காரணம் சொன்னார்கள். கட்டக் கட்டத் திமிறினார். மறுநாள் அவிழ்த்து, பெரியம்மா கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபிறகுதான் பெட்ஷீட்டில் வலை பின்ன ஆரம்பித்தார்.

நாலாம் நாள் தெளிந்துவிட்டார். ஜன்னியில் நடந்தது எதுவும் ஞாபகம் இருக்காது என்று நினைக்கிறோம். பலருக்குத் துண்டு துண்டாக இருக்கும், வெட்கத்தில் சொல்லமாட்டார்கள். அவரும் இரண்டு மாதம் கழித்து, நண்டு வலையில் சிக்கெடுத்துக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னார்: "வெள்ளை யூனிபார்ம்ல வந்தாங்க. நேவின்னு நெனச்சேன். எல்லை தாண்டிட்டோம், பிடிச்சுக் கட்டிட்டாங்கன்னு நெனச்சேன்டா. அதான் அந்த நர்ஸம்மாவ எட்டி மிதிச்சேன்."