ஆராதனை – வழிபாடு: சொல் விளக்கம்

சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைக்காரருக்கு ஆராதனை என்றால் ஞாயிற்றுக்கிழமை காலை மணியடித்துத் தொடங்கி, ஆயர் ஆசீர்வாதம் கூறியதும் முடிகிற நேரம். பெந்தெகொஸ்தே சபைகளில் இந்தச் சொல் இன்னும் சுருங்கிவிட்டது. பிரசங்கத்துக்கு முன்னால் கீபோர்டும் டிரம்ஸுமாகப் பாடுகிற பகுதிதான் அங்கே ஆராதனை. "ஆராதனை முடிஞ்சு செய்திக்கு வந்துட்டாங்க" என்பார்கள். கத்தோலிக்கருக்கோ, கதிர்ப்பாத்திரத்தில் நற்கருணையை (திருப்பலியில் அர்ப்பணித்த அப்பத்தை) வைத்து அதன்முன் முழந்தாளிடுவது. புனிதர்களுக்கு வணக்கம், ஆராதனை கடவுளுக்கு மட்டும் என்று கறாராகப் பிரித்தும் சொல்வார்கள். எப்படிப் பார்த்தாலும் ஆராதனைக்கு ஓர் இடமும் நேரமும் உண்டு. போகலாம், முடித்துவிட்டு வீட்டுக்கு வரலாம்.

சொல் வடமொழி. 'ராத்' என்னும் வேரோடு 'ஆ' என்னும் முன்னொட்டு சேர்ந்தது. மகிழ்வித்தல், மனங்குளிரச் செய்தல் என்பது பொருள். கோயில் தீபாராதனையும் திருவையாற்றுத் தியாகராஜர் ஆராதனையும் இதே சொல்தான்.

சரி, வேதாகமத்தின் மூலமொழிகளில் என்ன இருக்கிறது? எபிரெயத்தில் 'அவோதா'. வேலை, ஊழியம், வழிபாடு மூன்றுக்கும் அது ஒன்றே. பழைய ஏற்பாட்டின் யாத்திராகமத்தில் இஸ்ரவேலர் எகிப்தியருக்குச் செய்த அடிமை வேலையும் அவோதாதான். "எனக்கு ஆராதனை செய்ய என் ஜனங்களை அனுப்பிவிடு" என்று எகிப்திய மன்னன் பார்வோனிடம் கடவுள் மோசே வழியாகக் கேட்கும் இடத்தில் வருவதும் அதன் வினைச்சொல்லே. ஆதாம் ஏதேன் தோட்டத்தைப் 'பண்படுத்த' வைக்கப்பட்டான் என்கிற இடத்திலும் அதே வினைதான். விழுந்து பணிவதற்கு வேறு சொல் இருந்தாலும், மண்ணில் உழைப்பதையும் கடவுளுக்கு ஊழியம் செய்வதையும் இந்த ஒரே சொல்லால் சொல்ல முடிந்தது.

கிரேக்கத்தில் இரண்டு சொற்களைக் கவனிக்கலாம். 'புரொஸ்கினேயோ' என்றால் விழுந்து பணிதல். யோவான் 4-ஆம் அதிகாரத்தில் 'தொழுதுகொள்ளுதல்' என்று வருவது இது. மற்றது 'லத்ரேயா'. கூலிக்கு வேலை செய்பவனைக் குறிக்கும் 'லத்ரிஸ்' என்பதோடு உறவுடையது, பொருள் பணிவிடை. உங்கள் சரீரங்களை ஜீவபலியாக ஒப்புக்கொடுங்கள், இதுவே "புத்தியுள்ள ஆராதனை" என்று ரோமாபுரிச் சபைக்கு எழுதிய கடிதத்தில் (ரோமர் 12:1) அப்போஸ்தலர் பவுல் சொல்வது இந்த லத்ரேயாவை. 1995-இல் வந்த வேதாகமப் பொது மொழிபெயர்ப்பு அதை "உள்ளார்ந்த வழிபாடு" என்கிறது.

லத்ரேயாவுக்கு வழிபாடுதான் பொருத்தம் என்பது என் கட்சி. ஆராதனை வடமொழி என்பதற்காக அல்ல. வழிபடுதல் என்றால் ஒருவர் வழியிலே நடப்பது. தொல்காப்பியத்தில் 'வழிபடு தெய்வம்' உண்டு. நன்னூலோ மாணவன் ஆசிரியரிடம் நடந்துகொள்ளும் முறையைச் சொல்லும்போது "வழிபடல் முனியான்" என்கிறது. அங்கே பூவும் இல்லை, தீபமும் இல்லை. வேளையறிந்து போவது, சொன்னபடி கேட்பது, குறிப்பறிந்து நடப்பது, அவ்வளவுதான். லத்ரேயாவுக்கு இதைவிட நெருங்கிய தமிழ் எனக்குத் தெரியவில்லை.

அன்றாட வாழ்க்கை வழிபாட்டுக்குள் வருவது இந்தப் பொருளில்தான். பல வீடுகளில் இரவுச் சாப்பாட்டுக்கு முன் குடும்ப ஜெபம் நடக்கும். ஒரு கீர்த்தனை, முறைவைத்து வாசிக்கும் ஓர் அதிகாரம், அப்பாவின் நீண்ட ஜெபம், அதற்குள் தூங்கி விழும் கடைக்குட்டி. அதைக்கூட ஆராதனை என்று யாரும் சொல்வதில்லை. 'ஜெபம்' என்றுதான் சொல்வார்கள். ஆனால் பவுலின் பட்டியல் அதையும் தாண்டிப் போகிறது. ரோமர் 12, 13 அதிகாரங்களை ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள். ஜெபத்தில் உறுதியாயிரு என்று ஒரு வரி வரும். அப்புறம் அந்நியரை உபசரிப்பது, அழுகிறவர்களோடு அழுவது, பசித்த சத்துருவுக்குச் சோறு போடுவது, வரி கட்டுவது, கடன்படாமல் இருப்பது. பாட்டு ஓரிடத்திலும் இல்லை. (பாட்டு வேண்டாம் என்று சொல்லவில்லை, கொலோசெயருக்கு எழுதும்போது பாடச் சொல்கிறவரும் அவரே.)

சபை அறிவிப்புப் பலகையில் 'காலை ஆராதனை' என்று இருப்பதை மாற்றச் சொல்லிச் சண்டை போட வேண்டியதில்லை, எல்லோருக்கும் புரிகிறது. ரோமர் 12-ஐப் பிரசங்கிக்கும்போது மட்டும் வழிபாடு என்று சொல்லலாம். அப்படிச் சொன்னால் வாங்கிய கைமாற்றைப் பற்றியும், வீட்டு வேலைக்கு வரும் அக்காவின் சம்பளத்தைப் பற்றியும் பேச வேண்டிவரும்.